கிரீஸ்: காரும் கப்பலும் சேர்ந்த பதினான்கு இரவுப் பயணம் – திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

கொரட்டூரான் (சென்னை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் 5ஆம் தேதி மாலை நானும் மனைவியும் என் பெற்றோரும் ஏதென்ஸ் விமான நிலையத்தில் இறங்குகிறோம். 19ஆம் தேதி பிற்பகல் திரும்பும் விமானம். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 64. இருவரும் நன்றாக நடப்பார்கள், ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. விசா கிடைத்துவிட்டது. விமானச் சீட்டுகளைத் தவிர வேறு எதையும் இன்னும் பதிவு செய்யவில்லை.

நான் போட்ட திட்டம் இதுதான்: ஏதென்ஸில் 2 இரவு, பழங்காலக் கோயில் இடிபாடுகள் உள்ள தெல்ஃபியில் 1, பாறை உச்சி மடங்கள் உள்ள மெட்டியோராவில் 1, தெசலோனிகியில் 1, அங்கிருந்து காரிலேயே பிரேயஸ் துறைமுகத்துக்குத் திரும்பி, அதே காரைக் கப்பலில் ஏற்றி மிக்கோனோஸில் 2, சாந்தோரினியில் 3, கிரீட்டில் 3 இரவுகள் தங்கி, கிரீட்டிலிருந்து இரவுக் கப்பலில் பிரேயஸ் திரும்புவது. முதல் நாள் எடுக்கும் காரை இறுதி நாளில்தான் ஒப்படைப்போம் என்பதால் பெட்டிகளைத் தூக்கி அலைய வேண்டியதில்லை என்று எண்ணினேன்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா? வாடகைக் காரைக் கப்பலில் ஏற்ற அனுமதி உண்டா? நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் குறை சொல்லலாம்.


வடக்குத்தெரு (டோர்ட்மண்ட், ஜேர்மனி) எழுதியது:

வணக்கம் தம்பி. நான் மூன்று முறை இத்தாலியின் அங்கோனா துறைமுகத்திலிருந்து இகுமெனிட்சாவுக்குக் கப்பலில் போய், சொந்தக் காரிலேயே கிரீசைச் சுற்றியவன். குறை சொல்லலாம் என்று நீங்களே எழுதிவிட்டதால் நேரடியாகவே சொல்கிறேன். உங்கள் திட்டம் ஒரு பயணம் அல்ல, இரண்டு பயணங்கள். முதற்பாதி வடக்கே போகிறது, இரண்டாம் பாதி தெற்கே கடலில் இறங்குகிறது. இரண்டையும் இணைக்கத் தெசலோனிகியிலிருந்து ஏதென்ஸ் வரை ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நெடுஞ்சாலையை ஒரே நாளில் ஓட வேண்டும். அந்த நாளில் நீங்கள் பார்க்கப் போவது சுங்கச் சாவடிகளை மட்டுமே.

கிரேக்கத் தீவுகளை ஒரே கூட்டமாக எண்ணுவதுதான் முதற்பயணம் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நானும் முதன்முறை அதையே செய்தேன். நீங்கள் சொல்லும் மிக்கோனோசும் சாந்தோரினியும் சிக்கிலாடிஸ் தீவுகள். பிரேயசிலிருந்தோ, விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ரஃபினாவிலிருந்தோ போக வேண்டியவை. சாதாரணக் கப்பலில் பிரேயசிலிருந்து சாந்தோரினிக்கு எட்டு மணி நேரம் அளவில் ஆகும். மேற்குக் கரையில் அயோனியத் தீவுகள் இருக்கின்றன: கோர்ஃபு, லெஃப்காதா, இத்தாக்கா, கெஃபலோனியா, ஜாகிந்தோஸ். கிழக்கே வோலோஸ் துறைமுகத்துக்கு எதிரே ஸ்போராடிஸ் தீவுகள். வடக்கே கெரமோத்தியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் தாசோஸ். ஏதென்சுக்குப் பக்கத்திலேயே சரோனிக் வளைகுடாத் தீவுகள். அவற்றில் ஹிட்ராவில் கார்களுக்கே இடமில்லை, கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே சுமை தூக்குகின்றன.

ஆகவே தீவை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு வீதி தேடாதீர்கள். வீதியை முதலில் வரையுங்கள். அந்த வீதி கடலைத் தொடும் இடத்தில் எதிரே தெரியும் தீவு எதுவோ, அதற்கு மட்டும் காரைக் கொண்டு போங்கள். பிரேயசிலிருந்து சிக்கிலாடிஸ் போவதென்றால் காரை ஏதென்சிலேயே ஒப்படைத்துவிட்டு, தீவில் இறங்கியதும் வேறொரு சிறிய காரை எடுப்பதே நல்லது. நான்கு பேருக்கான கப்பல் கட்டணத்துக்கு மேலே, துறைமுகத்துக்குத் துறைமுகம் காருக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அதைக் கூட்டிப் பார்த்தால் தீவில் தனிக் கார் எடுப்பது மலிவாகவே முடியும்.


வைகைக்கரை (லண்டன்) எழுதியது:

வடக்குத்தெரு அண்ணன் சொன்னதோடு காகித விவகாரங்களையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் பயணம் கெடுவது பெரும்பாலும் வாடகை நிலையத்தின் மேசை முன்னால்தான்.

வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றுவதற்கு நிறுவனத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கின்றன, சில அடியோடு மறுக்கின்றன. அனுமதி கிடைத்தாலும், கார் கப்பலுக்குள் நிற்கும் நேரத்துக்குக் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். 2019ஆம் ஆண்டு நானும் என் கணவரும் அந்தப் பக்கத்தைப் படிக்காமலேயே ஏற்றினோம். கப்பலில் பக்கத்து வண்டியின் கதவு இடித்து எங்கள் கார் நசுங்கியது. நாங்கள் எடுத்திருந்த முழுக் காப்பீடு ஒரு காசுகூடத் தரவில்லை. சக்கரம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவையும் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்குவதில்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். மண் பாதையில் கடற்கரைக்கு இறங்கும்போது அடிபடுவது அந்த அடிப்பாகம்தான்.

அடுத்தது உரிமம். பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் உரிமத்துக்கு 2021 முதல் கிரீசில் தனி அனுமதி தேவையில்லை. இந்திய உரிமத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். அதோடு அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். இணையத்தில் யாரோ விற்கும் ‘சர்வதேச உரிமம்’ வெறும் அட்டைதான், ஏமாந்துவிடாதீர்கள். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்தும் உரிமத்தில் முதலெழுத்தாகவும் இருப்பது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். மேசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்க நேரிடலாம், எனவே முன்பதிவில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். முன்பணத்தை நிறுத்தி வைக்க, ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நம்பிப் போக வேண்டாம்.


கொரட்டூரான் எழுதியது:

மிக்க நன்றி. ஆர்.டி.ஓ. வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுகிறேன். பெயர்ச் சிக்கல் எனக்கும் உண்டு. உரிமத்தில் முதலெழுத்து முன்னால் நிற்கிறது, கடவுச்சீட்டில் பின்னால் விரிந்து நிற்கிறது.

தெசலோனிகியை எடுத்துவிடலாம், மிக்கோனோசையும் கிரீட்டையும்கூட விட்டுவிடலாம். ஆனால் சாந்தோரினியை எடுக்க முடியாது. அப்பா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே எங்கள் வீட்டு நாட்காட்டியில் இருந்த அந்த வெள்ளைச் சுவரும் நீலக் கூரையும் உள்ள படத்துக்காகத்தான். அந்தப் படத்தை அவர் 11 ஆண்டுகளாகக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்.


வடக்குத்தெரு எழுதியது:

சாந்தோரினி பற்றி என் கருத்தைக் கேட்டால் வேண்டாம் என்பேன். செப்டம்பரிலும் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். ஓயா ஊரில் மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்கப் போனால் மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம். அம்மாவின் முழங்காலுக்கு அங்குள்ள படிகள் ஆகவே ஆகா. நக்சோஸ் போங்கள், சமதளமான கடற்கரை, துறைமுக வாயிலிலேயே முடிக்கப்படாத கோயிலின் மாபெரும் கல் வாசல், உள்ளே மலைக் கிராமங்கள், சிக்கிலாடிசிலேயே உயரமான ஸாஸ் மலை. விலையும் குறைவு.


ஆழியான் (ரொறன்ரோ, கனடா) எழுதியது:

வடக்குத்தெரு ஐயாவோடு எப்போதும் ஒத்துப்போகிறவன் நான், இங்கே மட்டும் மாறுபடுகிறேன். ஒருவர் 11 ஆண்டுகள் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இடத்துக்குப் பதிலாக ‘அதைவிட நல்லது’ என்று வேறோர் இடத்தைக் காட்டுவது சரியல்ல. சாந்தோரினியில் கூட்டம் உண்மைதான். ஆனால் உல்லாசக் கப்பல் பயணிகள் பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். இரவு தங்குகிறவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு அதே தெருக்கள் ஏறத்தாழ வெறுமையாக இருக்கின்றன. எரிமலை வெடித்து உள்வாங்கிய பெருங்குழிக்குள் கடல் நிற்பதை விளிம்பிலிருந்து பார்ப்பதற்கு ஈடாக நக்சோசில் ஒன்றும் இல்லை. தெற்கே அக்ரோத்திரியில், சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அந்த வெடிப்பின் சாம்பலில் புதைந்த ஊரைக் கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் நடைமேடை வழியாக நிழலிலேயே பார்க்கலாம். தங்குவதற்கு மட்டும் ஓயாவின் படிக்கட்டு வீடுகளைத் தவிர்த்து, கார் வாசல் வரை வரும் உள்ளூர்க் கிராமம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே வாரக்கணக்கில் நில அதிர்வுகள் தொடர்ந்து, ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறியது நினைவிருக்கலாம். புறப்படுமுன் செய்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்று. சாந்தோரினிக்குக் கப்பலில் போகாதீர்கள், விமானத்தில் போங்கள். ஏதென்சிலிருந்து முக்கால் மணி நேரம்தான். இந்தத் தீவுகளைச் சூழ்ந்த ஏஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து ‘மெல்தெமி’ என்றொரு வறண்ட காற்று அடிக்கும். வானத்தில் ஒரு மேகமும் இராது, வெயில் சுள்ளென்று இருக்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும். ஜூலை, ஆகஸ்டில்தான் அது உச்சம். செப்டம்பரிலும் முழுதாக ஓய்ந்துவிடாது. காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் எட்டை நெருங்கினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படுவதைத் தடை செய்துவிடுவார்கள். ஓர் ஆகஸ்டில் பாரோஸ் தீவில் நாங்கள் அப்படி மாட்டிக்கொண்டோம். சீட்டுக்கான பணம் திரும்பக் கிடைத்தது, அடுத்த நாள் கப்பலில் இடமும் கிடைத்தது. ஆனால் அன்றிரவு ஏதென்சிலிருந்து புறப்பட்ட எங்கள் ரொறன்ரோ விமானம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நான்கு புதிய சீட்டுகளின் விலையை இன்றும் என் மனைவி நினைவூட்டுகிறாள்.

அதனால் தீவிலிருந்து திரும்பும் நாளும் நாடு திரும்பும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஏதென்சைப் பார்க்கும் நாட்களைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்காமல் இறுதியில் வையுங்கள். காற்று ஒரு நாளை விழுங்கினாலும் அருங்காட்சியகம் ஒன்றைத்தான் இழப்பீர்கள், விமானத்தை அல்ல.


வடக்குத்தெரு எழுதியது:

சரி, அப்பாவின் படத்துக்கு முன்னால் நான் தோற்றுவிட்டேன். சாந்தோரினி இருக்கட்டும், விமானத்தில் என்பதால் அது வீதிக் கணக்கைக் கெடுக்காது. இப்போது வீதியைப் பார்ப்போம்.

நான் சொல்லும் வழி ஒரு வட்டம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதுதான் அதன் அழகு. மாலையில் இறங்குகிறீர்கள், நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு அன்றே கார் ஓடக் கூடாது. முதல் நாள் இரவு ஏதென்ஸ் நகருக்குள் தங்காமல், விமான நிலையத்துக்கு அருகே கடற்கரையில் உள்ள அர்தெமிதா போன்ற ஊரில் தங்கி, காலையில் விமான நிலையத்திலேயே காரை எடுங்கள். நகர நெரிசலைத் தொடாமல் அத்திக்கி ஓதோஸ் சுங்கச் சாலை வழியாக வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, லிவாதியா, அராகோவா வழியாகத் தெல்ஃபிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். தெல்ஃபியை மாலையிலும் அடுத்த நாள் காலையிலும் பாருங்கள். நடுப்பகலில் பேருந்துக் கூட்டம் நிறையும்.

தெல்ஃபியிலிருந்து கலம்பாகாவுக்கு மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மெட்டியோராவின் அடிவார ஊர். அங்கே ஓர் இரவு போதாது. ஒரு முழு நாளாவது வேண்டும். ஒரு காலத்தில் 24 மடங்கள் இருந்த அந்தப் பாறைத் தூண்களில் இப்போது ஆறுதான் இயங்குகின்றன. வார விடுமுறை நாள் மடத்துக்கு மடம் மாறும், ஆகவே எந்த நாள் எது மூடியிருக்கும் என்று முன்பே பார்த்துவிடுங்கள். பெரிய மெட்டியோரோன் மடத்துக்கு முந்நூறு படிகள் அளவில் இறங்கி ஏற வேண்டும். அம்மாவை அங்கே கூட்டிப் போகாமல் புனித ஸ்தெஃபனோஸ் மடத்துக்குக் கூட்டிப் போங்கள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து சிறிய பாலம் ஒன்றைக் கடந்தால் மடம் வந்துவிடும், காட்சிக்கும் குறைவில்லை.

அங்கிருந்து மேற்கே எக்னாத்தியா நெடுஞ்சாலை. பிந்தோஸ் மலைத்தொடரைச் சுரங்கப் பாதைகளாலும் உயரப் பாலங்களாலும் குடைந்து கடக்கும் வீதி அது. இகுமெனிட்சாவிலிருந்து துருக்கி எல்லை வரை 670 கிலோமீற்றர் நீளம். மெட்சோவோவில் இறங்கி ஒரு தேநீர், யவானினாவில் ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு. நேரம் இருந்தால் ஸகோரி கிராமங்களையும் அவற்றின் வளைந்த கற்பாலங்களையும் பார்க்கச் சொல்வேன். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி. உங்களுக்கு நேரமில்லை, விட்டுவிடுங்கள். பிரெவேசாவை அடைந்ததும் வளைகுடாவுக்கு அடியால் போகும் அக்தியோ சுரங்கப் பாதையில் மறுகரை ஏறுவீர்கள். அந்தோனி, கிளியோபாத்திரா இருவரின் கடற்படையும் கிமு 31இல் தோற்றோடிய கடல் இதுதான். தலைக்கு மேலே அந்தத் தண்ணீர்தான் நிற்கிறது என்று பின் இருக்கையில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் வீதியைப் பார்க்கட்டும்.

அடுத்தது லெஃப்காதா. தீவுதான், ஆனால் கப்பல் வேண்டாம். தரையோடு கால்வாயின் மேல் மிதவைப் பாலம் ஒன்று இணைக்கிறது. படகுகளுக்கு வழிவிட அது திறக்கும்போது கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தீவின் தென்முனையில் வாசிலிக்கி என்ற சிறிய துறைமுகம். அங்கிருந்து கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்தோவுக்குக் கோடைக்காலத்தில் கார் ஏற்றும் கப்பல் ஓடுகிறது, ஏறத்தாழ ஒரு மணி நேரம். கெஃபலோனியாவின் மறுபுறம் போரோஸ் துறைமுகம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கிரீசின் தென்பகுதியான பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் கரையிலுள்ள கில்லினி. கில்லினியிலிருந்து, பழங்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா ஒரு மணி நேரச் சொச்சம். வடக்கால் நுழைந்து தெற்கால் வெளியேறுகிறீர்கள். தீவு உங்கள் வீதியின் ஒரு துண்டாகவே ஆகிவிடுகிறது. அயோனியக் கடலில் மெல்தெமியின் வலுவும் இல்லை.

கெஃபலோனியாவைப் பற்றி ஒன்று. 1953 ஓகஸ்ட் நிலநடுக்கம் தீவின் ஊர்களைத் தரைமட்டமாக்கியது. ஃபிஸ்கார்தோ மட்டும் பெரும்பாலும் தப்பியது. கப்பலிலிருந்து இறங்கி முதலில் காணும் பழைய வெனிசிய வீடுகளைத் தீவின் மற்ற இடங்களிலும் தேடினால் கிடைக்காது, அதனால் அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். மெலிசானியில் கூரை இடிந்து விழுந்த குகைக்குள் ஒரு ஏரி. நண்பகலில் வெயில் நேராக இறங்கும்போது படகில் போக வேண்டும். கிரீசில் நண்பகலில் பார்க்கச் சொல்லி நான் பரிந்துரைக்கும் ஒரே இடம் அதுதான்.

ஒலிம்பியாவிலிருந்து நாஃப்பிலியோ. ஏதென்சுக்கு முன், 1834 வரை நவீன கிரீசின் தலைநகர் அது. அங்கே இரண்டு இரவு தங்கினால் மைசீனி என்ற பழங்கால நகரின் சிங்க வாயிலும் எபிதாவ்ரோசின் பழங்கால நாடக அரங்கமும் கைக்கெட்டும் தூரத்தில். அங்கிருந்து கொரிந்து கால்வாய் வழியாக விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம், காரை ஒப்படைத்துவிட்டுச் சாந்தோரினி.


கொரட்டூரான் எழுதியது:

இதைத் தாளில் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். ‘இத்தனை ஊரா?’ என்று கேட்டவர், சாந்தோரினி இறுதியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். காரை நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். இருவரும் வலப்பக்கச் சாலையில் ஓட்டியதில்லை. மலைப்பாதை என்றால் எங்களுக்கு ஏற்காடும் கொடைக்கானலும்தான் அனுபவம். சாப்பாட்டில் அம்மா சைவம். இந்த இரண்டையும் பற்றிச் சொல்லுங்கள்.


பின்னூக்கி (பெங்களூரு) எழுதியது:

கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்துக்கு வழிவிட்டு ஓட்டியவருக்குக் கிரேக்க மலைப்பாதை அச்சம் தராது. சிக்கல் மலையில் இல்லை, உங்கள் கைகளில் இருக்கிறது. நான் போனபோது முதல் நாள் முழுவதும் திரும்பும் இடமெல்லாம் கண்ணாடியின் மழைத்துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் வலக்கைப் பக்கம் இருக்கும் இண்டிகேட்டர், அங்கே இடக்கைப் பக்கம். கியர் வலக்கைக்கு வந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கார் கேளுங்கள், ஆனால் இப்போதே கேளுங்கள். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை, ஆட்டோமேட்டிக் முதலில் தீர்ந்துவிடும். பெரிய காருக்கும் ஆசைப்படாதீர்கள். வழிகாட்டிச் செயலி ‘குறுக்கு வழி’ என்று கிராமத்துக்குள் அழைத்துப் போகும், சந்து குறுகிக்கொண்டே போய் இறுதியில் படிக்கட்டாக முடியும். நான்கு பேர், நான்கு சிறிய பெட்டிகள் என்று முடிவு செய்துவிட்டால் நடுத்தரக் காரே போதும்.

இருவர் ஓட்டுவதானால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் தனித்தனியே அனுமதிப் புத்தகம் வேண்டும்.

சாலை வழக்கங்களில் மூன்றைச் சொல்கிறேன். இருவழிச் சாலையில் மெதுவாகப் போகிறவர்கள் வலது ஓரக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவார்கள். அது சட்டமல்ல, பழக்கம். ஓரத்தில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகு நீங்களும் ஒதுங்கலாம். இரண்டாவது, எதிரே வருபவர் முகப்பு விளக்கை மின்னினால் ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள் கொள்ளாதீர்கள், ‘நான் வருகிறேன்’ என்பதே பொருள். இதில் நம் ஊரும் அவர்கள் ஊரும் ஒன்று. மூன்றாவது, நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130 என்றாலும் ஊருக்குள் அது 50ஆகவோ 30ஆகவோ குறைந்துவிடும். பெயர்ப் பலகைகள் முதலில் கிரேக்க எழுத்திலும், சற்றுத் தள்ளி உரோம எழுத்திலும் வரும். கிரேக்கப் பெரிய எழுத்துகளை விமானத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். ஆங்கிலப் ‘P’ போலத் தோன்றுவது அங்கே ‘ர’ என்பதை மட்டும் மனத்தில் பதித்தாலே பாதிப் பலகைகள் விளங்கிவிடும். பெட்ரோல் நிலையங்களில் ஊழியரே நிரப்புவார். தீவுகளில் விலை கூடுதல் என்பதால் வாசிலிக்கி போகுமுன் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

சைவச் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. ‘நிஸ்தீசிமா’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். கிரேக்கக் கிறித்தவர்கள் விரத நாட்களில் உண்பவற்றுக்கான பெயர் அது. இறைச்சி, முட்டை, பால் சேராது. நத்தையோ கணவாயோ விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம், ஆகவே அதை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்த ‘கிகாந்தெஸ்’, அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும், கீரை வேகவைத்து எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயும் ஊற்றிய ‘ஹோர்தா’ ஆகியவை எந்த ஊர் உணவகத்திலும் கிடைக்கும். சாந்தோரினியில் ‘ஃபாவா’ கேளுங்கள். மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து, வெங்காயமும் எண்ணெயும் சேர்த்துத் தருவார்கள். அதைப் பார்த்ததும் உங்கள் அம்மா நெய் கேட்கப் போகிறார்.

மடங்களுக்குப் பெண்கள் பாவாடை அணிந்திருக்க வேண்டும், தோள் மூடியிருக்க வேண்டும். கால்சட்டையோடு போனால் வாசலில் இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி தருவார்கள். என் மாமியார் சேலையோடு போனார், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கன்னியாஸ்திரி சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

செலவுக் கணக்கில் இரண்டைச் சேர்த்துவிடுங்கள். விடுதியில் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசின் பருவநிலைக் கட்டணம் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10 யூரோ என 2025இல் உயர்த்தினார்கள். முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டும். ஏதென்சில் குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிசுக்கு நுழைவுச்சீட்டு 2025 ஏப்ரல் முதல் 30 யூரோ. நேரம் குறித்துத்தான் விற்கிறார்கள், காலை முதல் நேரத்தையே எடுங்கள்.


கொரட்டூரான் எழுதியது:

எல்லோர் சொன்னதையும் சேர்த்து மாற்றிய திட்டம் இது. 5ஆம் தேதி அர்தெமிதா, 6 தெல்ஃபி, 7, 8 கலம்பாகா, 9 லெஃப்காதாவில் வாசிலிக்கி, 10, 11 கெஃபலோனியாவில் சாமி என்ற ஊர், 12 ஒலிம்பியா, 13, 14 நாஃப்பிலியோ, 15ஆம் தேதி விமான நிலையத்தில் காரை ஒப்படைத்துவிட்டு 15, 16 சாந்தோரினி, 17, 18 ஏதென்ஸ், 19 பிற்பகல் ஊருக்கு. பத்து நாள் கார், இரண்டு கப்பல், ஒரு தீவுக்குப் பாலம், ஒரு தீவுக்கு விமானம். கப்பலில் ஏற்ற எழுத்து மூலமான அனுமதி தருகிற நிறுவனம் ஒன்றும் கிடைத்துவிட்டது. கூடுதல் கட்டணம் உண்டு, கப்பலுக்குள் காப்பீடு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

எதையாவது விட்டுவிட்டேனா?


வடக்குத்தெரு எழுதியது:

ஒன்றே ஒன்று. இந்தத் திட்டம் முழுவதும் 10ஆம் தேதி வாசிலிக்கியிலிருந்து போகும் கப்பலில் தொங்குகிறது. அது கோடைக்கால ஓட்டம். செப்டம்பரில் நேரங்கள் குறையக்கூடும். அந்தச் சீட்டை முதலில் எடுங்கள், விடுதிகளைப் பிறகு பதிவு செய்யுங்கள். அன்று கப்பல் இல்லையென்றால் தேதியை மாற்றாதீர்கள், வழியை மாற்றுங்கள். லெஃப்காதாவிலிருந்து அம்ஃபிலோகியா வழியாக அயோனிய நெடுஞ்சாலையில் இறங்கி, ரியோ–அந்திரியோ பாலத்தைக் கடந்தால் பத்ராஸ். 2004இல் திறந்த அந்தப் பாலமே ஒரு காட்சி. அப்புறம் கில்லினியிலிருந்து கெஃபலோனியா போய், அதே துறைமுகத்துக்குத் திரும்பலாம். கொஞ்சம் கூடுதல் ஓட்டம், ஆனால் ஒன்றும் அறுந்துபோகாது.


கொரட்டூரான் எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன், 10ஆம் தேதி காலைக் கப்பலில் இடம் இருக்கிறது. சீட்டு எடுத்துவிட்டேன். காரின் பதிவு எண் கேட்டது. வாடகைக் கார், எண் பின்னர் தருவோம் என்று குறித்திருக்கிறேன். ஒரு சிறிய ஐயம் மட்டும்: கப்பலுக்குள் காரைப் பின்னோக்கி ஏற்ற வேண்டும் என்று எங்கோ படித்தேன். மனைவி இதைக் கேட்டதிலிருந்து அந்தக் காலையில் ஓட்டுவது நான்தான் என்று சொல்லிவிட்டாள்.


பின்னூக்கி எழுதியது:

சில சிறிய கப்பல்களில் உண்மைதான். கதவு ஒரு பக்கம்தான் இருக்கும், ஆகவே பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்குவது. பெற்றோரையும் மனைவியையும் ஏறுதளத்துக்கு முன்பே பெட்டி இல்லாமல் இறக்கி, நடந்து ஏறச் சொல்லுங்கள். ஓட்டுநர் மட்டுமே காரில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள். பிறகு பக்கக் கண்ணாடிகளைப் பார்க்காதீர்கள், கப்பல் ஊழியரின் கையை மட்டும் பாருங்கள். அவர் ‘எலா, எலா’ என்று கத்துவார். கோபமில்லை, ‘வா, வா’ என்றுதான் பொருள். சுவருக்கும் உங்கள் காருக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி வரும் வரை கத்திக்கொண்டே இருப்பார். அவர் கையைத் தட்டியதும் நிறுத்தி, கைத்தடையை இழுத்துவிட்டு, எந்தப் பக்கக் கதவு திறக்கிறதோ அந்தப் பக்கமாக இறங்கிவிடுங்கள். என் பெயர் இங்கே ஏன் இப்படி இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள், கில்லினியில்தான் வைத்தேன்.